செயின் சாவுக்கு அரம் போட்டும் அறுக்கவில்லையா? முதலில் கீழே விழும் பொடியைப் பாருங்கள்

பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு 2018 நவம்பர் 16-ஐ யாரும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. அன்று விடியற்காலை கஜா புயல் அடித்து ஓய்ந்தபோது எங்கள் தோப்பில் விழுந்த மரத்தை விட நின்ற மரத்தை எண்ணுவது சுலபமாக இருந்தது. அறுத்து வழி உண்டாக்க ஆள் கிடைக்கவில்லை. ஆள் கிடைத்தால் மெஷின் கிடைக்கவில்லை. அந்த அவசரத்தில் வாங்கியதுதான் என்னுடைய 58 சிசி செயின் சா. ஓட்ட ஒரு வாரத்தில் கை பழகிவிட்டது. பல்லுக்கு ஒழுங்காக அரம் போட ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

அதற்குள் செய்யாத தப்பில்லை. அளவு மாறிய அரம், ஒரு பக்கம் 30 டிகிரி மறுபக்கம் 20, நீலம் பாய்ந்த பல் என்று எல்லாம் பார்த்தாயிற்று. கோணம் காட்டும் கருவிகளிலும் நாலைந்து வாங்கிப் பார்த்தேன். அவற்றில் எது உசத்தி என்று பலரும் கேட்கிறார்கள். ஒரு பல் 30 டிகிரியா 28 டிகிரியா என்பதை மரம் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. இடப்பக்கப் பல்லும் வலப்பக்கப் பல்லும் ஒன்றுபோல் இல்லாவிட்டால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். அந்த 'ஒன்றுபோல்' வருவதற்காகத்தான் கருவிக்குக் காசு கொடுக்கிறோம்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து ஊரில் மரம் அறுக்கும் அண்ணன் ஒருவர். நான் பல்லை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "பல்ல ஏன் தம்பி தடவுற? கீழ கெடக்குற பொடியப் பாரு" என்றார். அதனால் இந்தக் குறிப்பும் மெஷின் என்ன செய்கிறது என்பதிலிருந்தே தொடங்குகிறது. உங்கள் மெஷின் எப்படிப் படுத்துகிறதோ அந்தத் தலைப்புக்குப் போய்விடலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

அரத்தைக் கையில் எடுக்கும் முன்

எஞ்சின் நின்றிருக்க வேண்டும், ஸ்பார்க் பிளக் மூடியைக் கழற்றிவிடுங்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) ஆடக் கூடாது. பட்டறை வைஸ் இருந்தால் நல்லது. தோப்பில் இருக்கிறீர்கள் என்றால் ஒரு அடிக்கட்டையில் நாலு விரல் ஆழத்துக்கு ஒரு வெட்டுப் போட்டு, மெஷினை நிறுத்திவிட்டு அந்தப் பிளவில் பாரைச் செருகிக்கொள்ளலாம். செயினை வழக்கத்தை விடக் கொஞ்சம் இறுக்குங்கள். தளர்ந்த செயினில் பல் சாய்ந்துகொடுக்கும், கோணமும் அதோடு போகும். அரம் போடும்போது செயின் பிரேக் போட்டிருக்கட்டும், அடுத்த பல்லுக்கு நகர்த்தும்போது மட்டும் எடுங்கள்.

அப்புறம் அரத்தின் அளவு. இது தப்பினால் எவ்வளவு விலையுள்ள கருவியும் வீண். செயினில் ஒரு ரிவெட்டின் நடுவிலிருந்து, அதையும் சேர்த்து எண்ணி மூன்றாவதாக வரும் ரிவெட்டின் நடுவரை அளந்து, பாதியாக்கினால் பிட்ச், அதாவது செயினின் அளவு கிடைக்கும். அதை இன்ச்சில் சொல்வார்கள். வகுக்கச் சோம்பலாக இருந்தால், அந்த மூன்று ரிவெட் தூரம் 16.5 மி.மீ. என்றால் .325 பிட்ச், 4.8 மி.மீ. உருண்டை அரம். 20.5 என்றால் .404, 5.5 மி.மீ. அரம். 18.6 வந்தால்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அது 3/8 பிட்ச். ஆனால் 3/8-லேயே இரண்டு சாதி உண்டு. பெரிய மெஷினில் வரும் முழு அளவுப் பல்லுக்கு 5.5 மி.மீ. அரம், ஸ்டில் (Stihl) கம்பெனி செயினாக இருந்தால் 5.2. கரண்டில் ஓடும் மெஷினிலும் சின்ன பெட்ரோல் மெஷினிலும் வரும் 'லோ புரொஃபைல்' பல் குட்டை, அதற்கு 4.0. தூரம் இரண்டுக்கும் ஒன்றேதான் காட்டும் என்பதால் பல்லின் உயரத்தையும் பார்த்தாக வேண்டும். நம் ஊரில் அதிகம் விற்கும் 58 சிசி மெஷின்கள் பெரும்பாலும் .325.

சரியான அரத்தைப் பல்லின் குழியில் வைத்தால், அதன் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்தட்டுக்கு மேலே தெரியும். 4.8 அரம் என்றால் ஏறத்தாழ ஒரு மி.மீ. இந்த ஒரு மி.மீ. பற்றிப் பின்னால் பல இடங்களில் பேசப்போகிறோம்.

பொடியாக விழுகிறது, அமுக்கினால்தான் இறங்குகிறது

நல்ல பல் மரத்தைச் சீவும். கீழே விழுவது தேங்காய்த் துருவல் மாதிரி நீளநீளமாக இருக்கும். மழுங்கிய பல் தேய்க்கும், கோலமாவு மாதிரி கொட்டும். துருவல் மாவாக மாறுகிற நேரம்தான் அரம் போட வேண்டிய நேரம். 'இந்த ஒரு துண்டை முடித்துவிட்டுப் போடலாம்' என்று அமுக்கி அறுத்தால், நாலு இழுப்பில் (அரத்தை ஒருமுறை தள்ளுவதைத்தான் இழுப்பு என்கிறோம்) தீர வேண்டியது பதினைந்து இழுப்பாகும். காய்ந்த மரத்திலும், பலகைக்காக நீளவாட்டில் அறுக்கும்போதும் துருவல் இயல்பாகவே நைசாகத்தான் வரும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

சந்தேகம் இருந்தால் பல்லை வெயிலில் திருப்பிப் பாருங்கள். விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடு மின்னினால் அந்த விளிம்பு உருண்டுவிட்டது. கூரான விளிம்பில் வெளிச்சம் நிற்க இடமிருக்காது.

சரிசெய்வது: பல்லின் உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக அரத்தைத் தள்ளுங்கள். அரம் தள்ளும்போது மட்டுமே அறுக்கும். திரும்பும்போது தூக்கிவிட வேண்டும். இழுத்துக்கொண்டே வந்தால் அரம்தான் கெடும். நாலு இழுப்புக்கு ஒருமுறை அரத்தைக் கொஞ்சம் உருட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒரே பக்கம் தேயும். ஒரு பக்கத்துப் பற்களை எல்லாம் முடித்துவிட்டு, மெஷினின் மறுபக்கம் போய் நின்று மற்றவற்றைப் போடுங்கள். எந்தப் பல்லில் தொடங்கினீர்கள் என்று மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். என் 20 இன்ச் பாரில் 38 பல், பக்கத்துக்கு 19. புள்ளி வைக்காமல் தொடங்கிய நாளெல்லாம் 22 போட்டிருக்கிறேன்.

பல் நகத்தையே சீவுகிறது, ஆனால் மரத்தில் இறங்கவில்லை

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான். அரம் போட்டாயிற்று, பளபளவென்று இருக்கிறது, கட்டைவிரல் நகத்தில் வைத்தால் கடிக்கிறது. மரத்தில் வைத்தால் வழுக்கிக்கொண்டு போகிறது. உடனே 'கோணம் சரியில்லை' என்று கோணக் கருவி வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். பெரும்பாலும் கோணத்தில் கோளாறு இருப்பதில்லை, ரேக்கர் உயர்ந்திருக்கும்.

ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் சுறாவின் முதுகுத்துடுப்பு மாதிரி ஒரு சின்ன மேடு நிற்கிறதே, அதுதான் ரேக்கர். அது மரத்தை அறுக்காது. பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று அளவு கட்டுவதுதான் அதன் வேலை. பல்லின் விளிம்பை விட ரேக்கர் எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ அவ்வளவு கனத்துக்குத்தான் சீவல் வரும். பெரும்பாலான செயினுக்கு அது 0.65 மி.மீ.; .404 மாதிரிப் பெரிய செயினில் 0.80.

அரம் போடப் போட ஏன் இது கெடுகிறது? பல்லின் மேல்தட்டைப் பக்கவாட்டில் பாருங்கள். முன்னால் உயரம், பின்னால் சரிவு. நீங்கள் அரம் போடும் ஒவ்வொரு முறையும் விளிம்பு பின்னுக்குப் போகிறது, சரிவில் இறங்குகிறது. ரேக்கர் மட்டும் இருந்த உயரத்திலேயே நிற்கிறது. முறை கூடக் கூட இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் குறைந்துகொண்டே வரும். அப்புறம் பல் எத்தனை கூராக இருந்தாலும் ரேக்கர் அதை மரத்தில் ஒழுங்காகக் கடிக்க விடாது.

இதற்குரிய கருவி, இருக்கிற கருவிகளிலேயே விலை குறைந்தது: ரேக்கர் கேஜ். நடுவில் பிளவு உள்ள ஒரு சின்ன இரும்புத் தகடு. அதைப் பற்களின் மேல் படுக்கப் போட்டால், ரேக்கர் பிளவின் வழியாக எட்டிப் பார்க்கும். எட்டிப் பார்க்கிற அளவைத் தட்டை அரத்தால் தேய்த்துவிட வேண்டியதுதான். தகட்டோடு அரம் சமமானதும் நிறுத்துங்கள். பிறகு தகட்டை எடுத்துவிட்டு, ரேக்கரின் முன்முனையில் அரத்தால் ஒன்றிரண்டு தடவு தடவி, பழையபடி உருட்டிவிடுங்கள். முன்முனை சதுரமாக நின்றால் மரத்தில் முட்டி உதறும்.

மூன்று நான்கு முறை பல்லுக்கு அரம் போட்டால் ஒருமுறை ரேக்கரைப் பாருங்கள். 'டூ-இன்-ஒன்' என்று வரும் கருவியில் இரண்டு உருண்டை அரமும் நடுவில் ஒரு தட்டை அரமும் ஒரே சட்டத்தில் இருக்கும். பல்லைத் தீட்டும் அதே இழுப்பில் ரேக்கரும் இறங்கிவிடுவதால் இந்தக் கோளாறே வராது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் ஒரு பிட்ச்சுக்கு வாங்கியது இன்னொரு பிட்ச்சுக்கு ஆகாது.

கடித்து இழுக்கிறது, உதறுகிறது, கையை உலுக்குகிறது

மேலே சொன்னதன் தலைகீழ். யாரோ தகடு இல்லாமல் கண்மதிப்பில் ரேக்கரைத் தேய்த்திருக்கிறார்கள். பல் அளவுக்கு மீறிக் கடிக்கிறது, எஞ்சின் திணறுகிறது, செயின் கிளட்ச் எல்லாம் அடி வாங்குகிறது. இது வெறும் தொல்லை மட்டுமல்ல. பார் முனையின் மேல்பாதி எதிலாவது பட்டால் மெஷின் முகத்தை நோக்கி எகிறுமே, ரேக்கர் தாழ்ந்த செயினில் அந்த ஆபத்து அதிகம். இப்படிப்பட்ட செயினோடு இன்றைக்கு வேலையை முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

தேய்த்த ரேக்கரைத் திரும்ப வளர்க்க முடியாது. பல்லைத்தான் பின்னுக்குக் கொண்டுபோக வேண்டும். ரேக்கரைத் தொடாமல், பல்லுக்கு மட்டும் அரம் போட்டுக்கொண்டே வந்து, கேஜ் வைத்தால் சரியான இடைவெளி காட்டும்வரை தொடருங்கள். பல்லில் பாதி ஆயுள் போனாலும் பரவாயில்லை.

ரேக்கர் சரியாக இருந்தும் கடித்தால், பல்லின் பக்கவாட்டு உருவத்தைப் பாருங்கள். முன்விளிம்பு கொக்கி மாதிரி உள்ளே வளைந்திருக்கிறதா? அரம் சிறிதாகப் போயிருக்கிறது, அல்லது கீழே அமுக்கித் தள்ளியிருக்கிறீர்கள். அந்த ஐந்தில் ஒரு பங்கு மேலே தெரியவில்லை. இதற்கு நேர்மாறாக, முன்விளிம்பு பின்பக்கம் சாய்ந்து நின்றால் அரம் பெரிது, அல்லது உயரத்தில் ஓடியிருக்கிறது. அந்தப் பல் கடிக்கவே கடிக்காது.

வெட்டு கோணலாகப் போகிறது

நேராகத்தான் வைக்கிறோம், நேராகத்தான் பிடிக்கிறோம். முக்கால்வாசி இறங்கியதும் பார் வில்லாக வளைந்து வெட்டுக்குள் சிக்கிக்கொள்கிறது. என் மெஷின் அறுத்த அடுப்புக்கட்டை ஒரு பக்கம் நாலு விரல், மறுபக்கம் இரண்டு விரல் கனம் இருந்த காலம் உண்டு. 'என்ன தம்பி, கேக் வெட்டுறியா?' என்று கேட்டுவிட்டுப் போனார் அந்த அண்ணன்.

இது புரிய இந்தப் பல்லின் கதை கொஞ்சம் தெரிய வேண்டும். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரம் வெட்டும் தொழிலாளி, 1946-ல், அடிமரத்தைக் குடைந்துகொண்டிருந்த ஒரு வண்டின் புழுவைக் கவனித்தார். அதன் தாடை இடமும் வலமுமாக மாறிமாறிக் கொறித்து, நார் எந்தப் பக்கம் ஓடினாலும் வழி செய்துகொண்டு போனது. அந்தத் தாடையை இரும்பில் செய்ததுதான் இன்று நாம் ஓட்டும் செயின். அவர் தொடங்கிய கம்பெனிதான் ஆரிகன் செயின். இடப்பல் இடச்சுவரைச் சீவும், வலப்பல் வலச்சுவரைச் சீவும். இரண்டில் ஒரு பக்கம் நீளமாகவோ கூராகவோ இருந்தால் வெட்டு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும்.

முதலில், குற்றவாளி செயினா பாரா என்று பிரிக்க வேண்டும். பாரைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பி மாட்டி, அதே மாதிரி ஒரு துண்டு அறுங்கள். கோணல் பக்கம் மாறினால் பாரில் கோளாறு. மாறாமல் அதே பக்கம் போனால் செயினில்.

செயின் என்றால் ஒரு வெர்னியர் அளவுகோல் எடுத்து இரண்டு பக்கமும் மூன்று மூன்று பல்லின் மேல்தட்டு நீளத்தை மி.மீ.-ல் அளந்து எழுதுங்கள். என்னுடையதில் வலப்பக்கம் 7.1, 7.0, 7.2, இடப்பக்கம் 6.3, 6.2, 6.4. கிட்டத்தட்ட எல்லோருக்கும் இப்படி ஒரு வித்தியாசம் இருக்கும். வலக்கைக்காரருக்கு ஒரு பக்கம் தள்ளுவது வாகு, மறுபக்கம் உடம்பை முறுக்கிக்கொண்டு தள்ள வேண்டும். வாகான பக்கம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடத் தேய்கிறது. ஒரே நாளில் தெரியாது, பத்துத் தடவையில் முக்கால் மி.மீ. ஆகிவிடும்.

வைத்தியம்: இருப்பதிலேயே குட்டையான பல்லைக் கண்டுபிடியுங்கள். அதுதான் இனி அளவு. மற்ற எல்லாப் பற்களையும் அந்த நீளத்துக்குக் கொண்டுவாருங்கள். வயிற்றெரிச்சலான வேலைதான், நல்ல இரும்பைத் தேய்த்துத் தள்ளுகிறோம். வேறு வழியில்லை. பிறகு ரேக்கர்களையும் மறுபடி கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். இனிமேல் வாகில்லாத பக்கத்துக்கு ஒரு இழுப்பு கூடப் போடுங்கள், அல்லது மெஷினைத் திருப்பி வைத்து இரண்டு பக்கமும் ஒரே நிலையில் நின்று போடுங்கள்.

பாரில் கோளாறு என்றால், தண்டவாளம் மாதிரி இருக்கும் அதன் இரண்டு விளிம்பையும் பாருங்கள். ஒன்று உயர்ந்து ஒன்று தேய்ந்திருக்கும். சமதளமான கண்ணாடி மேல் பாரை விளிம்பில் நிறுத்தினால் நேராக நிற்காமல் சாயும். தட்டை அரத்தால் சமப்படுத்தலாம். நடுப்பள்ளம் அகன்று செயின் பக்கவாட்டில் ஆடினால் பார் மாற்றுவதுதான் வழி. ஒவ்வொரு புதுச் செயினுக்கும் பாரைத் திருப்பி மாட்டும் பழக்கம் இருந்தால் இந்த நிலைமை சீக்கிரம் வராது.

கருவி வைத்துத்தான் போட்டேன், கோணம் இன்னும் ஒன்றுபோல் வரவில்லை

இங்கே கருவிக்குக் கருவி கதை வேறு.

அரத்தோடு சேர்த்துப் பூட்டும் தகட்டு கைடு: மேலே 30 டிகிரிக்குச் சாய்கோடு செதுக்கியிருக்கும். அந்தக் கோடு பாருக்கு இணையாக ஓட வேண்டும். பலர் கோட்டைப் பல்லோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பல்லைப் பார்க்காதீர்கள், பாரைப் பாருங்கள். தகடு பல்லின் மேலும் ரேக்கரின் மேலும் படிந்திருந்தால் ஆழம் தானாக அமையும். ஒரு விஷயம்: 30 என்பது எல்லாச் செயினுக்கும் வேதவாக்கு இல்லை. சில செயினுக்கு 25, பலகை அறுக்கும் செயினுக்கு 10. பல செயின்களில் பல்லின் மேல்தட்டிலேயே பின்பக்கமாகச் சாய்வாக ஒரு கோடு இருக்கும். கம்பெனி சொல்லும் கோணம் அதுதான். கைடு எதைச் சொன்னாலும் அந்தக் கோட்டுக்கு இணையாகப் போடுவதே உத்தமம்.

ரோலர் கைடு: பாரின் மேல் உட்கார்ந்து, அரம் இரண்டு உருளை மேல் ஓடும். கோணமும் உயரமும் அதுவே பார்த்துக்கொள்ளும். பிட்ச்சுக்குத் தகுந்ததை வாங்கினால் புதியவர் கைக்குக்கூட நன்றாக வரும். தவறினால் காரணம் ஒன்றேதான்: செயின் தளர்ந்திருக்கிறது, கைடு ஒவ்வொரு பல்லிலும் ஒவ்வொரு உயரத்தில் உட்காருகிறது.

பாரில் ஸ்க்ரூ போட்டு இறுக்கும் சட்டம்: கோணத்தை ஒருமுறை பூட்டிவிட்டால் 19 பல்லும் அச்சு வார்த்த மாதிரி வரும். வினை வருவது பக்கம் மாற்றும்போது. இடப்பக்க 30-லிருந்து வலப்பக்க 30-க்குத் திருப்பும்போது குறி மேல் நிற்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். கோளாறு கண்டால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பல்லை மட்டும் மார்க்கர் பேனாவால் கறுப்படித்து, ஒரே ஒரு இழுப்புப் போட்டுப் பாருங்கள். விளிம்பு முழுக்க மை அழிந்தால் கோணம் பொருந்துகிறது. ஒரு முனையில் மட்டும் அழிந்தால் ஒரு பக்கமும் மறுமுனையில் மட்டும் அழிந்தால் இன்னொரு பக்கமும் திருப்ப வேண்டும். இந்த மை வித்தை எல்லாக் கருவிக்கும் பொருந்தும். நான் எப்போதும் பையில் ஒரு மார்க்கர் வைத்திருப்பது இதற்காகத்தான்.

கார் பேட்டரியில் ஓடும் சின்னக் கல்: வேகமாக வேலை முடியும், ஆனால் கல் தேயும். 4.8 என்று வாங்கிய கல் சில நாளில் 4.4 ஆகிவிடும், பல்லில் கொக்கி விழும். கல்லை அடிக்கடி அளந்து பாருங்கள்.

மேஜை கிரைண்டர்: கடைக்காரர்களும் நிறைய மெஷின் வைத்திருப்பவர்களும் வாங்குவது. குறிகள் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், விலை குறைந்த மாடல்களில் பக்கம் மாற்றியதும் பல்லைத் தடுத்து நிறுத்தும் கொண்டி ஒரே இடத்தில் நிற்காது. அதனால் கோணம் சரி, நீளம் தப்பு. இரு பக்கமும் ஒரு பல் போட்டு, வெர்னியரால் அளந்து, கொண்டியைத் திருத்திய பிறகே முழுச் செயினையும் தொடங்குங்கள்.

பத்து நிமிஷம் பிரமாதமாக அறுக்கிறது, அப்புறம் மொட்டை

தென்னை அறுக்கிறீர்களா? அப்படியென்றால் பாதிக் குற்றம் மரத்தின் மேல். தென்னைக்கு உள்ளே மெத்து, வெளிப்பக்கம்தான் வைரம். அந்த நார்களில் மணல்சத்து இருப்பதால் கத்தி, ரம்பம் எல்லாவற்றையும் சீக்கிரம் மழுக்கும். போதாக்குறைக்கு நம் கடலோரத் தோப்பு மணல். விழுந்த மரத்தை அறுக்கும்போது பார் முனை ஒரே ஒரு நொடி தரையைத் தொட்டால் போதும், காலையில் போட்ட அரம் அத்தனையும் காலி. மரத்தின் கீழே இரண்டு மட்டைத் துண்டை முட்டுக் கொடுத்துத் தூக்கிக்கொள்ளுங்கள். மண் ஒட்டிய பட்டையை அரிவாளால் சீவிவிட்டு அந்த இடத்தில் அறுங்கள். செயின் வாங்கும்போதே முனை உருண்ட 'செமி சிசல்' கேட்டு வாங்கினால் மண்ணுக்கும் தென்னைக்கும் தாங்கும். சதுர முனைச் செயின் வேகம் அதிகம், ஆயுள் குறைவு.

மரத்தில் குறை இல்லை என்றால் பல் மெலிந்திருக்கலாம். கொக்கி விழுந்த பல்லின் விளிம்பு சவரக்கத்தி மாதிரி இருக்கும், சவரக்கத்தி மாதிரியே மடங்கும். பிசிறு நிற்கிறதா என்றும் பாருங்கள். அரம் போட்டு முடித்ததும் ஒரு துண்டுக் கட்டையில் பல்லை லேசாகத் தேய்த்தால் பிசிறு உதிரும்.

இன்னொரு காரணம் சூடு. ஒருமுறை அவசரத்துக்கு ஒரு பட்டறையில் செயினைக் கொடுத்தேன். கிரைண்டரில் போட்டு ஐந்து நிமிஷத்தில் கொடுத்துவிட்டார்கள், காசும் கம்மி. வீட்டுக்கு வந்து பார்த்தால் பல் நுனியெல்லாம் மயில்கழுத்து நீலம். கல்லை அழுத்திப் பிடித்துப் பல்லை எரித்திருக்கிறார்கள். நீலம் ஏறிய இரும்பில் பதம் போய்விடும், கூர் நிற்காது. கிரைண்டரில் போடும்போது கல் பல்லைத் தொட்டுத் தொட்டு எழ வேண்டும், ஒரு நொடிக்கு மேல் தங்கக் கூடாது. ஒரே மூச்சில் தேய்க்காமல் செயினை இரண்டு மூன்று சுற்று ஓட்டி முடிப்பதே நல்லது. நீலமானதைக் கை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, நல்ல இரும்பு தெரியும்வரை போக வேண்டும்.

அரம் வழுக்குகிறது, பல்லைத் தொட மாட்டேன் என்கிறது

புது அரத்தை வைத்துப் பாருங்கள். அது கடித்தால் பழைய அரம் தேய்ந்துவிட்டது. அரம் என்பது தீர்ந்துபோகிற பொருள், பரம்பரைச் சொத்து இல்லை. செயின் ஆயில் ஒட்டிய அரமும் வழுக்கும், துணியால் துடைத்துவிட்டுப் போடுங்கள்.

புது அரமும் சில பற்களில் மட்டும் வழுக்கினால், அந்தப் பல் எங்கோ கல்லிலோ ஆணியிலோ பட்டோ கிரைண்டரில் எரிந்தோ மேல்தோல் கெட்டிப்பட்டிருக்கிறது. சாலையோரப் புளியமரத்தில் விளம்பரப் பலகைக்கு அடித்த ஆணி எத்தனை என்று அறுக்கும்போதுதான் தெரியும். அந்தத் தோலை ஒரு சின்னக் கல்லால் லேசாக உரசி உடைத்துவிட்டு அரத்துக்குத் திரும்புங்கள். பல்லின் வெளிப்பக்கம் குரோமியப் பூச்சு உள்ளது, அதை வெளியிலிருந்து உள்ளே அரத்தால் அறுக்கப் பார்ப்பவர்களுக்கும் வழுக்கும். அதனால்தான் உள்ளிருந்து வெளியே என்று முதலிலேயே சொன்னேன். பூச்சு உரிந்து விளிம்பு பின்வாங்கியிருந்தால், பூச்சு முழுசாக உள்ள இடம் வரும்வரை தேய்த்தாக வேண்டும். அங்கே நிறுத்தாமல் விட்டால் கூர் வந்த மாதிரி தெரியும், வராது.

புகை வருகிறது

அரத்தைக் கீழே வையுங்கள். முதலில் செயின் பிரேக் முழுவதும் எடுபட்டிருக்கிறதா, செயின் ஆயில் டேங்கில் ஆயில் இருக்கிறதா, பாரின் ஆயில் துவாரம் மரத்தூளால் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளைக் காகிதத்துக்கு எதிரே பார் முனையைக் காட்டி, தரையிலும் காகிதத்திலும் படாமல் ஒரு நிமிஷம் ஓட்டினால் ஆயில் கோடு தெறிக்க வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தும் புகைந்தால், பொடிக்கான தலைப்புக்கு மேலே போங்கள்.

எவ்வளவு தூரம் தேய்க்கலாம்

மேல்தட்டு 4 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால் அடுத்த செயினுக்குப் பணம் ஒதுக்குங்கள். சில செயின்களில் பல்லிலேயே இதற்கு ஒரு கோடு இருக்கும். அதற்கு முன்பே ஏதாவது பல் உடைந்திருந்தால், லிங்க்கில் விரிசல் தெரிந்தால் அன்றைக்கே கழற்றி ஓரமாகப் போடவேண்டியதுதான். அறுந்த செயின் எந்தப் பக்கம் பறக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. புதுச் செயின் மாட்டும்போது ஸ்ப்ராக்கெட்டையும் (செயினைச் சுழற்றும் பல்சக்கரம்) தடவிப் பாருங்கள். பள்ளம் விழுந்த ஸ்ப்ராக்கெட்டில் புதுச் செயினைப் போட்டால் அதுவும் சீக்கிரம் தேயும்.